ரம்பத்திற்கேற்ற எண்ணெய்க் கலன்

கீரனூர்ப் பக்கத்துத் தோப்புகளில் பட்டுப்போன தென்னையை வீழ்த்தவும், வேலியோரத்துச் சீமைக் கருவேலத்தை அகற்றவும் கோடரியும் இழுப்பு ரம்பமும் உழைத்த இடத்தில் இன்று பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் வந்துவிட்டது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறி, கீழைத் தஞ்சைத் தென்னைகளைச் சாய்த்தபோது இந்த யந்திரத்தின் பயன் நாடறிய விளங்கிற்று. அதனைக் குறைகூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. அதனுடன் தோப்புக்குச் செல்லும் எண்ணெய்க் கலனைப் பற்றியே அங்கத்தினர்களுக்குச் சில சொற்கள் கூற வேண்டியுள்ளது.

ரம்பம் வாங்குமுன் நாலு பேரை விசாரிக்கிறோம். பெட்ரோல் கொண்டுபோகவோ, குடிநீர் வந்த பாட்டில் எது கையில் அகப்படினும் போதுமென்று இருந்துவிடுகிறோம். இது சிக்கனமன்று. யந்திரத்தின் ஆயுளும், சில வேளைகளில் மனிதனின் ஆயுளும் அந்தப் பாட்டிலையே பொறுத்திருக்கின்றன.

சங்கிலி ரம்பத்திற்கு இரண்டு எண்ணெய்கள் வேண்டும். ஒன்று, டூ டி ஆயில் கலந்த பெட்ரோல், இது இஞ்சினுக்கு. மற்றொன்று, சங்கிலிக்கும் அது ஓடும் பட்டைக்கும் வழவழப்புத் தரும் எண்ணெய். யந்திரத்தில் இவ்விரண்டின் வாய்களும் அருகருகே உள்ளன. கலன்கள் ஒரே மாதிரியாக இருப்பின், வெயிலில் களைத்த கை ஒன்றை மற்றொன்றில் ஊற்றிவிடும். ஆகவே முதல் விதி இது: இரு கலன்களும் நிறத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்டிருக்க வேண்டும். இருட்டில் தொட்டாலும் இன்னது என்று விளங்க வேண்டும்.

அடுத்தது அளவு. நடுத்தர ரம்பத்தில் பெட்ரோல் அரை லிட்டர் அளவும், சங்கிலி எண்ணெய் அதில் பாதியளவும் பிடிக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தீரும். எனவே 5 லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டரை லிட்டர் எண்ணெய் என்பது பொருத்தமான கணக்கு. ஒருநாள் வேலைக்கு இது தாராளமாகப் போதும். அதற்கு மேற்பட்ட கலன், தோளுக்குப் பாரமாவதன்றி, மிஞ்சும் பெட்ரோலைப் பழையதாக்கியும் கெடுக்கும். கலவை விகிதத்தை யந்திரத்தின் கையேடே கூற வேண்டும். 5 லிட்டருக்கு, ஐம்பதுக்கு ஒன்று எனில் 100 மில்லி. நாற்பதுக்கு ஒன்று எனில் 125. இருபத்தைந்துக்கு ஒன்று எனில் 200. கண்ணளவில் ஊற்றுவது கூடாது. பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளர் பதத்தை அறிவார். கஞ்சி குறைந்தால் இழை அறுவது போல, ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகும்.

கலனை எதனாற் செய்தது என்பதே முக்கியமான கேள்வி. கடைகளில் பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் இரு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் கேன் விற்கப்படுகிறது. ஒரு கையில் இரண்டையும் எடுத்துச் செல்லலாம் என்பது அதன் வசதி. ஆனால் 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின் 8ஆவது பிரிவைக் கவனிக்க வேண்டும். விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்று கூறும் அப்பிரிவு, அதனை இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலனிலேயே வைக்க வேண்டுமென்கிறது. கண்ணாடி, பீங்கான் எனில் 1 லிட்டருக்கு மேற்படலாகாது. உலோகமெனில் 25 லிட்டர் வரை இருக்கலாம். பிளாஸ்டிக் அப்பட்டியலில் இல்லை.

இதற்குக் காரணமும் உண்டு. பெட்ரோல் பாயும்போது மின்சாரம் தோன்றுகிறது. உலோகக் கலனைத் தரையில் வைத்துக் குழாய்முனை அதன் வாயைத் தொடும்படி பிடித்தால் அது நிலத்தில் இறங்கிவிடும். பிளாஸ்டிக்கில் இறங்க வழியில்லை. மோட்டார் சைக்கிளின் மேல் வைத்தபடியே கலனை நிரப்புவதும் இக்காரணத்தாலேயே ஆகாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பெட்ரோலுக்கு 5 லிட்டர் உலோகக் கலன், சங்கிலி எண்ணெய்க்கு வேறு நிறத்தில் சிறிய பிளாஸ்டிக் கேன். இரண்டையும் வைத்துத் தூக்க, நமது ஊர்த் தச்சர் ஒரு மரச்சட்டம் செய்து தருவார். இரட்டைக் கேனின் வசதியும் கிட்டும், சட்டமும் மீறப்படாது. சங்கிலிக்குப் பழைய இஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அதிலுள்ள இரும்புத் துகள் பம்பை அடைத்துவிடும்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டில் அக்கலப்பு இருபது சதவீதத்தை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும். மூடி தளர்ந்த கலனில் நீர் மிகுந்தால் அது எத்தனாலுடன் பிரிந்து அடியில் தங்கும். டூ டி ஆயிலோ மேலேயுள்ள பெட்ரோலுடனேயே நின்றுவிடும். அடியிலுள்ளதை இழுக்கும் இஞ்சின் ஆயிலின்றி ஓடி அழியும். எனவே நல்ல ரப்பர் வளையமுள்ள மூடியைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்கு வேண்டிய அளவே கலந்து, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிடுங்கள். உட்புறம் துருப்பிடித்த கலனை விலக்குங்கள். வலையிட்ட புனலில் வடித்தே ஊற்றுங்கள். எத்தனால் எவ்வளவு தாங்கும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்வது நலம்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிச் செல்லும். நூலும் தறியும் உள்ள வீட்டில் கலனை ஒருபோதும் வைக்கலாகாது. குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றிய பெட்ரோலைக் குழந்தை தண்ணீரென்று குடித்துவிடக் கூடும். அவ்விதம் நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவை தனித்தனி அங்கத்தினர் மட்டும் செய்யக்கூடியவையல்ல. சங்கங்கள் கலன்களை மொத்தமாக வாங்கி, பெயரெழுதி, அளவுக் குவளையுடன் அடக்க விலைக்குத் தரலாம். ரம்பத்தை வாடகைக்கு விடும் சங்கம், கலன்களின்றி அதனை வெளியே அனுப்புவதில்லையென்று தீர்மானிக்கலாம். ஒரு ரம்பத்தின் பழுது நீக்கச் செலவில் பல கலன்கள் வாங்கலாம். வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை எழுப்பி, ஒரு தீர்மானம் நிறைவேற்றுவார்களென்று நம்புகிறேன்.