மனப்பாடமா, தயாரிப்பா?

சதுரங்கம் ஆடும் தோழர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "தொடக்க நகர்த்தல்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று பெருமையாகச் சொல்வார். இது பெருமைப்பட வேண்டிய விஷயம்தானா?

விசுவநாதன் ஆனந்த் 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்தார். அன்று அவ்வூர் தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. 1995 செப்டம்பரில், நியூயார்க்கில், உலகப் பட்டத்துக்காக அவர் காஸ்பரோவுடன் மோதினார். எட்டு ஆட்டங்கள் சமன். ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில், ஆறாவது ஆட்டத்தில் வந்த அதே ஸ்பானியத் தொடக்கம் மீண்டும் வந்தது. ஆனால் 14-ஆவது நகர்த்தலில் காஸ்பரோவ் மந்திரியை ஒரு கட்டம் பின்வாங்கினார். பிறகு தம் யானையையே வெட்டக் கொடுத்தார்! ஆனந்தின் ராஜாவோ கோட்டை கட்டாமல் நடுவில் தவித்தது. இது வீட்டில் ஆராய்ந்து வைத்த திட்டம். ஆனந்தோ கடிகாரம் ஓட ஓட, மேடையில் தனியே விடை தேட வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றார். பட்டமும் 10½–7½ என்று கைநழுவியது.

2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் எதிரே அமர்ந்தவர் கிராம்னிக். ஆனந்த் கறுப்புக் காய்களுடன், சிக்கல் மிகுந்த மெரான் முறையை ஆடினார். இம்முறை 14-ஆவது நகர்த்தலில் ஆச்சரியம் தந்தவர் அவர்தான். ஒரு சிப்பாயைக் காக்காமல் விட்டு, மந்திரியைத் தாக்குதலுக்குத் திருப்பினார். மூன்றாவது ஆட்டத்தில் வெற்றி. ஐந்தாவதிலும் அதே நிலை வந்தது; அடுத்த நகர்த்தலை மாற்றி ஆடினார்; மறுபடியும் வெற்றி! ஒப்பிப்பவரால் இப்படி மாற்ற முடியுமா?

காவிரிப் பாசனப் பகுதிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்று நம்பி நாற்றங்கால் தயார் செய்வார்கள். தண்ணீர் தாமதமானால்? ஏன் இந்த ரகம், ஏன் இத்தனை நாள் நாற்று என்று அறிந்த விவசாயி, நாள் குறைந்த ரகத்துக்கு மாறுவார். அல்லது நேரடியாக விதைப்பார். போன ஆண்டுக் கணக்கையே பிடித்துக்கொண்டிருப்பவர் வானத்தைப் பார்த்து நிற்பார்.

தயாரிப்பு வேண்டும், ஆனால் காரணம் தெரிந்த தயாரிப்பு வேண்டும் என்பதே என் கருத்து. தேர்வுக்கும் இது பொருந்தும். கணக்கில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விழிக்கிறோம்! இன்று சிறந்த நகர்த்தலைக் கணினி நொடியில் காட்டிவிடும். "ஏன்?" என்று கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த தொடக்கத்தில், எதிராளி ஆறாவது நகர்த்தலை மாற்றினால் என்ன செய்வீர்கள்? காரணத்தோடு எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் தயாரிப்பு. வராவிட்டால் வெறும் மனப்பாடம்!