நாய்க்கடியும் நம் கடமையும்



1902-ஆம் ஆண்டு லில்லி பக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம் ஆங்கிலப் பெண்ணை வெறிநாய் கடித்தது. தென்னாட்டில் அன்று சிகிச்சை இல்லாமையால் அவர் மாண்டார். அத்துயரே 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் எழக் காரணமாயிற்று.

இன்றோ தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் நம் ரெட்டியார்சத்திரம் பகுதியிலும் காயத்தில் சுண்ணாம்பு தடவி, மந்திரித்து, நாளைக் கடத்துவோர் உளர். நோய்க்கிருமி நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கி ஏறும். நோய் வெளிப்பட்டபின் காக்கும் மருந்தில்லை. ஆகவே காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஊசியைத் தொடங்கி, 3, 7, 28-ஆம் நாள்களிலும் தவறாது செல்லுங்கள்.

ஏச்சுக்கு அஞ்சிக் குழந்தை சிறு கீறலை மறைக்கக்கூடும். பெற்றோரே, கடிந்துகொள்ளாதீர்கள், பரிவுடன் கேட்டறியுங்கள். வளர்ப்பு நாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள்.