நம்மாளு யார்?



ஒரே மதத்தைச் சேர்ந்தவரைக் குறிக்க டச்சு மொழியில் 'கெலோஃப்ஸ்கெனோட்' என்று ஒரு கூட்டுச்சொல் உண்டு. 'கெலோஃப்' என்றால் நம்பிக்கை, மதம். 'கெனோட்' என்றால் கூட்டாளி. 1663 முதல் 1795 வரை கொச்சியை வைத்திருந்துவிட்டுப் போனவன் மொழி நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். இருக்கிறது விஷயம்.

'கெனோட்' என்பதன் வேரைத் தோண்டினால் மாடு வருகிறது! பழைய ஜெர்மானிய மொழியில் கால்நடையையும் உடைமையையும் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது அது. உடைமையைச் சேர்ந்து அனுபவிப்பவனே கெனோட். (தமிழிலும் 'மாடு' என்றால் செல்வம், வள்ளுவரே அப்படிக் கையாண்டிருக்கிறார்.) ஜெர்மன் தொழிலாளர் இயக்கத்தில் தோழரை அழைக்கும் 'கெனோஸ்ஸெ' இதன் உடன்பிறப்பு. ஆக, சாமி ஒன்றாக இருந்தால் போதாது, பண்டத்திலும் பங்கு வேண்டும் என்பது சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவைப் பாருங்கள். அங்கே 1568இல் கட்டிய பரதேசிப் பள்ளி நிற்கிறது. பரதேசி என்றால் வேறு தேசத்தான். நாம்தான் அதை வசவாக்கிவிட்டோம். அந்தக் கணக்கில் கொச்சியில் நாமும் பரதேசிகளே. 1662இல் போர்த்துக்கீசியர் அந்தப் பள்ளியைச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் வந்தபின் அது மீண்டும் எழுந்தது. 1686இல் தம் மதத்தாரைக் காண ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் கப்பலேறி வந்தார்கள். வெள்ளை யூதர் கருப்பு யூதரோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை என்று அவர்களில் ஒருவரான மோசே பெரெய்ரா தெ பைவா எழுதிவைத்தார். வேதம் ஒன்று, ஓய்வுநாள் ஒன்று, சம்பந்தம் மட்டும் கிடையாது!

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தோருக்கோ பரதேசிப் பள்ளியின் பெஞ்சில்கூட இடமில்லை. அந்த வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்தியாரின் சத்தியாக்கிரகத்தைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுபோய் அந்த உரிமைக்குப் போராடினார். அந்நியனை எதிர்த்தல்ல, சொந்த மதத்தானை எதிர்த்து!

நமக்குள்ளும் இந்தக் கதை உண்டு. மேஸ்திரி நம்மை வேலைக்குப் பிடிக்கும்போது "நம்மாளு" என்கிறான். திருவிழா வசூலுக்கு வருபவனும் வாக்குக் கேட்பவனும் "நம்மாளு" என்கிறார்கள். சனிக்கிழமை கூலி எண்ணும்போது மட்டும் அந்தச் சொல் அவர்கள் வாயில் வருவதில்லை.

ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் வெளுக்கும் நம் தமிழர்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில், பட்டாள உடுப்பு வெளுக்க வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. காயப்போடும் வெளி இன்றும் அவர்களுக்குப் பொது. டச்சுக்காரன் சொல்லுக்குச் சரியான அர்த்தம் அங்கேதான் கிடைக்கிறது.

அடுத்த முறை எவனாவது "நாமெல்லாம் ஒரே மதம்" என்று தோளில் கை போட்டால், பாக்கிக் கூலி எப்போது என்று முதலில் கேளுங்கள்.