தேடி வரும் உரிமை

தமிழ் இலக்கிய வரலாற்றில் இரட்டைப் புலவர் எனப் போற்றப்படுபவர்கள் இளஞ்சூரியரும் முதுசூரியரும் ஆவர். ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்றவருக்கு நடக்கும் ஆற்றல் இல்லை. பார்வையற்றவர் நடக்க இயலாதவரைத் தம் தோளில் சுமந்தார். சுமக்கப்பட்டவர் வழி காட்டினார். இவ்வாறே இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்றும், தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம் முதலிய நூல்களை இயற்றினர் என்றும் மரபு கூறுகிறது. அவர்களுள் எவருடைய குறையும் நீங்கிவிடவில்லை. ஆயினும், அக்குறை அவர்களை முடக்கவும் இல்லை. வேண்டிய துணை வேண்டிய இடத்திலேயே கிடைத்ததுதான் அதற்குக் காரணம்.

அத்தகைய நட்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தால் வாழ்வு, வாய்க்காவிட்டால் முடக்கம் என்னும் நிலையில் தன் குடிமக்களை விட்டுவிடாதிருப்பதே நல்லரசின் கடமை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். அவர்களுக்கென இன்று சட்டங்கள் உள்ளன. திட்டங்களும் பல உள்ளன. எனவே, உதவி இருக்கிறதா என்னும் வினாவைவிட, அவ்வுதவி உரியவரைச் சென்று சேர்கிறதா என்னும் வினாவே இன்று முதன்மையானது.

இரக்கத்திலிருந்து உரிமைக்கு

உடற்குறையை வினைப்பயன் என்றும், உதவியை அறச்செயல் என்றும் கருதிய காலம் நெடியது. அந்நிலையில் பெறுபவர் கைகட்டி நிற்பவராகவும் கொடுப்பவர் வள்ளலாகவும் விளங்கினர். 1995ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. அது ஏழு வகைக் குறைபாடுகளை வரையறுத்து, அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. மறு ஆண்டே இந்தியா அதனை ஏற்புறுதி செய்தது. அதன் விளைவாகப் பிறந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாடுகளின் வகைகளை 21 ஆக விரிவாக்கியது. அரசுப் பணிகளில் 4 விழுக்காடும் உயர்கல்வியில் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு அளித்தது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது.

எண்ணிக்கையைவிடப் பார்வையில் நேர்ந்த மாற்றமே பெரிது. இயலாமை என்பது உடலில் மட்டும் இருப்பதன்று. உடலின் நிலையும் புறத்தே உள்ள தடைகளும் சந்திக்கும் இடத்தில் அது பிறக்கிறது என்பதே ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் உட்கிடை. சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை நூலகத்தின் வாயிலில் தடுத்து நிறுத்துவது அவருடைய கால்களா, அங்குள்ள படிக்கட்டுகளா? சாய்தளம் அமைத்துவிட்டால் அவருடைய கால்கள் மாறுவதில்லை. ஆனால் அவர் வாசகராகிவிடுகிறார். 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லைத் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டதன் பொருளும் இதுவே.

மறுவாழ்வு என்பது யாது?

மறுவாழ்வு என்றவுடன் செயற்கைக் காலும் ஊன்றுகோலும் உதவித்தொகையும் நினைவுக்கு வருகின்றன. அவை மறுவாழ்வின் கருவிகள். அவையே மறுவாழ்வு ஆகிவிடா. இதனை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் அவர்களின் வாழ்க்கை தெளிவாக உணர்த்துகிறது. 1954ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தொன்றில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, அவருடைய கால்கள் செயலிழந்தன. இளம் மருத்துவரான அவருடைய பணிவாழ்வு அத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை மருத்துவத்தை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே வளர்த்து வந்தார். கையில் செய்யும் அறுவை மருத்துவத்தை அமர்ந்தபடியே செய்ய இயலும். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதனைச் செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கப்பெற்ற மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயனாகும். அவருடைய கால்கள் குணமாகவில்லை. பணிசெய்யும் முறையே அவருக்கேற்ப அமைந்தது.

ஜெய்ப்பூர்க் காலின் வரலாறும் இத்தகையதே. முன்பு கிடைத்த செயற்கைக் கால்கள் காலணி அணிந்து, நாற்காலியில் அமர்ந்து வாழ்வோருக்கென மேலைநாடுகளில் உருவாக்கப்பட்டவை. வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் உழவருக்கும், தரையில் சம்மணமிட்டு அமர்பவருக்கும் அவை பயன்படவில்லை. 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் ஜெய்ப்பூரில் இணைந்து, இரப்பரைப் பயன்படுத்தி ஒரு காலை உருவாக்கினர். அதனை அணிந்து வெறுங்காலாக நடக்கலாம், குந்தி அமரலாம், ஈரநிலத்திலும் உழைக்கலாம். பயனாளர் கருவிக்கேற்பத் தம் வாழ்வை மாற்றிக்கொள்ளவில்லை. கருவி பயனாளரின் வாழ்வை நோக்கி வந்தது. மறுவாழ்வுப் பணிகள் அனைத்திற்கும் பொருந்தும் நெறி இது.

தொலைவு என்னும் தடை

இந்நெறியை அளவுகோலாகக் கொண்டு இன்றைய நிலையை நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் கடும் பாதிப்புடையோருக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்கப்படுகிறது. நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். செவித்திறன் குன்றிய ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாகச் செவிநத்தைச் சுருள் கருவி பொருத்தப்படுகிறது. சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையமும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இயங்குகின்றன. இவை யாவும் பாராட்டத்தக்கன.

ஆனால், இவற்றைப் பெறுவதற்கு முதலில் மருத்துவச் சான்று வேண்டும். தனித்துவ அடையாள அட்டை வேண்டும். அலுவலகத்திற்கும் மருத்துவமனைக்கும் முகாமுக்கும் செல்லவேண்டும். நடக்க இயலாத ஒருவர், தம்மால் நடக்க இயலாது என்பதை மெய்ப்பிக்க நெடுந்தொலைவு செல்லவேண்டியிருக்கிறது. அவருடன் துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்கிறார். ஒரு சான்றுக்காக ஒரு நாளை இழப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைக்குரிய இயன்முறைப் பயிற்சியோ ஒரு நாளில் முடிவதன்று. பல ஆண்டுகள் இடைவிடாது தொடரவேண்டியது. மலையூரில் வாழும் தாய் ஒருத்தி, வளரும் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு எத்தனை வாரங்களுக்கு மலையிறங்கி வர இயலும்? அவள் வருகையை நிறுத்தும்போது அவளுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. அவள் தோற்கவில்லை, அவளுடைய இல்லத்தை எட்டாத ஏற்பாடே தோற்றது.

காலமும் இங்கே கருதத்தக்கது. குழந்தையின் மூளை விரைந்து வளரும் முதல் ஆண்டுகளில் கிடைக்கும் பயிற்சிக்கு ஈடாகப் பின்னாளில் எதனையும் தர இயலாது. செவித்திறன் குறைவு காலத்தே கண்டறியப்படாவிட்டால், மொழியைக் கற்கும் பருவமே கடந்துவிடும். தாமதமாகக் கிடைக்கும் உதவி, பல நேரங்களில் கிடைக்காத உதவியே.

தேடிச் சென்ற முன்மாதிரிகள்

உதவி இல்லம் தேடிச் செல்ல இயலுமா? இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா அறிக்கையைத் தொடர்ந்து, மருத்துவமனைகளை மட்டும் நம்பியிராமல் சமூகத்தின் ஊடாகவே மறுவாழ்வுப் பணியைக் கொண்டுசெல்லும் முறையை உலக நலவாழ்வு அமைப்பு முன்னெடுத்தது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அம்முறை நன்கு வேரூன்றியது. 1975ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், பொறியியல் மாணவரான எஸ். இராமகிருஷ்ணன். அவர் அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அச்சங்கத்தின் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் சிற்றூர்களில் வீடுவீடாகச் சென்று குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். வல்லுநர்கள் அவர்களை வழிநடத்துகின்றனர்.

அரசின் திட்டங்களிலும் இப்போக்கைக் காணலாம். பள்ளிக்கு வர இயலாத மாணவர்களின் இல்லங்களுக்குச் சிறப்புப் பயிற்றுநர்கள் செல்கின்றனர். 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி இல்லத்திலேயே அளிக்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புடைய வாக்காளர்கள் விரும்பினால் தேர்தல் அலுவலர்களே இல்லம் சென்று வாக்கைப் பெற்றனர். 2025ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'தாயுமானவர்' திட்டம் நியாயவிலைக் கடைப் பொருள்களை முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் இல்லங்களுக்குக் கொண்டுசெல்கிறது. உலக வங்கியின் துணையுடன் நடைபெறும் 'உரிமைகள்' திட்டம், 'விழுதுகள்' சேவை மையங்களின் வழியாக மறுவாழ்வுப் பணிகளை மக்களின் அருகே கொண்டுவர முனைகிறது. வாக்குப்பெட்டியும் அரிசியும் வாசலுக்கு வர இயலும் என்றால், மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் தொடர்பயிற்சியும் வர இயலாமைக்குக் காரணம் இல்லை.

இதற்கு ஆகும் செலவு மிகுதி என்றும், போதிய வல்லுநர்கள் இல்லை என்றும் கூறுவர். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், அரசு ஏற்காத செலவு மறைந்துவிடுவதில்லை. அது குடும்பத்தின் தலையில் விழுகிறது. பயணச் செலவாகவும், இழந்த கூலியாகவும், வேலையை விட்டு வீட்டிலிருக்கும் தாயின் வருவாய் இழப்பாகவும் ஏழைக் குடும்பமே அதனைச் செலுத்துகிறது. எல்லா இல்லங்களுக்கும் வல்லுநரே செல்லவேண்டும் என்பதும் இல்லை. ஊரிலேயே வாழும் ஒருவரைப் பயிற்றுவித்து, அவருக்கு வல்லுநர் துணைநின்றால் போதும் என்பதை ஆய்க்குடி காட்டுகிறது.

வீடு எல்லையாகிவிடக் கூடாது

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாம் வாசலுக்கு வருகிறதே, அவர் ஏன் வெளியே வரவேண்டும் என்னும் எண்ணம் தோன்றிவிடலாகாது. உதவி இல்லம் தேடிச் செல்வது ஒருவரை இல்லத்திலேயே இருத்திவிடுவதற்கு அன்று. அவரை உலகிற்கு அழைத்துவருவதற்கே. வாக்கை வீட்டில் பெறுவதும் வேண்டும். வாக்குச்சாவடியில் சாய்தளம் அமைப்பதும் வேண்டும். எதனைத் தேர்வது என்னும் உரிமை அவருக்கே உரியது.

சென்னை மெரினா கடற்கரையில் 2022ஆம் ஆண்டு நவம்பரில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதை சக்கர நாற்காலியில் வருவோரைக் கடலலையின் அருகே கொண்டுசேர்த்தது. அடுத்த மாதமே புயலால் அது சேதமடைந்தது, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. கடலைக் காண்பது பிழைப்புக்கு உதவுவதன்று. ஆயினும், மனிதராக வாழ்வதன் ஒரு பகுதி அது. அணுகல் தரநிலைகள் விரும்பினால் பின்பற்றும் பரிந்துரைகளாக இருத்தல் ஆகாது, கட்டாய விதிகளாக இருத்தல் வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025ஆம் ஆண்டில் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. தெருவின் தடையை அறிந்தவர் ஊராட்சி மன்றத்தில் அமரும்போது, அத்தெருவைச் செப்பனிடும் திட்டத்திலும் அவருடைய அறிவு இடம்பெறும்.

இளைய தலைமுறையின் கடமை

2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை நாடு கொண்டாடியது. அக்கொண்டாட்டம் தகுதியானதே. ஆயினும், தங்கம் வென்றவரை வைத்து மற்றவரை அளப்பது நேர்மையாகாது. சாதனை புரியாத மாற்றுத்திறனாளிக்கும், சாதனை புரியாத பிறரைப் போலவே, இயல்பாக வாழும் உரிமை உண்டு.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரின் துணையுடன் எழுதும் மாணவருக்கும், கூடுதல் நேரம் பெறும் மாணவருக்கும் அளிக்கப்படுவது மதிப்பெண் சலுகை அன்று. அறிந்ததை வெளிப்படுத்துவதற்கான வழி. இதனை உணர்ந்து பழகும் வகுப்பறையிலிருந்தே நாளைய மருத்துவரும் பொறியாளரும் அலுவலரும் செல்கின்றனர். நாளை ஒரு கட்டடத்தை வரையும்போது சாய்தளத்தை முதல் கோட்டிலேயே வரைபவராகவும், ஒரு சான்றை வழங்கும்போது அதனை இல்லத்திற்கே கொண்டுசெல்பவராகவும் அவர்கள் விளங்குதல் வேண்டும்.

ஒரு மாவட்டத்தின் மறுவாழ்வுப் பணியைத் தலைநகரில் வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கையால் அளத்தல் போதாது. பேருந்து செல்லாத கடைசிச் சிற்றூரில், கடைசித் தெருவில் வாழும் ஒரு குழந்தையின் வீட்டு வாசலில் நின்று அளத்தல் வேண்டும். அவ்வாசலைப் பயிற்றுநர் எட்டிய நாளும், அக்குழந்தை அவ்வாசலைக் கடந்து பள்ளிக்குச் சென்ற நாளுமே கணக்கில் கொள்ளத்தக்க நாள்கள்.