பூமிக்கு ஒரு கச்சேரி: 'இயற்கை இசை' பற்றிய ஒரு மறுப்பு

இயற்கையைப் பாடுதல் எக்காலத்தும் குற்றமற்ற தொழிலாக இருந்ததில்லை. எந்த நிலத்தின் பருவம் பாடப்படுகிறது, அப்பருவத்தை நம்பி வாழ்வோர் யாவர், அதனைக் குலைப்போர் யாவர் என்னும் வினாக்கள் பாட்டின் பின்னே நின்றுகொண்டே இருக்கின்றன. இவ்வினாக்களைத் தவிர்த்து இயற்கையை வியப்பதற்கு மட்டும் பயன்படும் கலை, தன்னையறியாமலே, அவற்றை எழுப்ப விரும்பாதோரின் பக்கத்திற் போய் நின்றுவிடுகிறது. கடந்த அரை நூற்றாண்டில் மேல்நாடுகளில் 'பூமியின் இசை' என்ற பெயரில் வளர்ந்த ஒரு போக்கு இந்நோக்கில் ஆராயப்பட வேண்டியதாகும். ஜாஸ், உலக இசை, விலங்குகளின் குரல் ஆகியவற்றை ஒன்றிணைத்து, ஞாயிற்றின் சுழற்சியையும் பருவங்களின் மாற்றத்தையும் பொருளாகக் கொண்டு நிகழ்த்தப்படும் இக்கச்சேரிகள் மீது குறைகூற முன்வருவோர் மிகச் சிலரே. பூமியை நேசிப்போம் என்பவரை மறுத்துரைப்பது எங்ஙனம்? மறுத்துரைக்க வேண்டிய இடம் அதுவேதான்.

இப்போக்கின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்க சக்ஸபோன் கலைஞர் போல் வின்ரர் தம் குழுவினருடன் நியூயோர்க்கின் புனித யோவான் பேராலயத்தில் 1980ஆம் ஆண்டு தொடங்கிய குளிர்காலக் கதிர்த்திருப்பக் கச்சேரியாகும். ஆண்டின் மிக நீண்ட இரவை ஒட்டி நான்கு தசாப்தங்களாக நிகழ்ந்த இக்கச்சேரி வானொலி வழியாக அந்நாடெங்கும் ஒலிபரப்பப்பட்டது. நிகழிடமே ஒரு காட்சி. 1892இல் கட்டத் தொடங்கி இன்றுவரை முற்றுப்பெறாத அப்பேராலயத்தின் நீளம் 601 அடி. அதனுள் எழுப்பப்படும் ஓர் ஒலி தேய்ந்து மறைய ஏறத்தாழ ஏழு விநாடிகள் செல்லும். இருள் சூழ்ந்த அம்மண்டபத்தில் சக்ஸபோன் தனியே ஒலிக்கும். பேரோகன் அதனைத் தாங்கும். பிரேசில் நாட்டுப் பாடகரோ அயர்லாந்தின் குழற்கலைஞரோ ஆபிரிக்க மரபில் ஆடும் நடனக் குழுவினரோ வந்துசேர்வர். மாபெரும் பூகோளமொன்று தொங்கிச் சுழலும். உச்சக்கட்டத்தில் ஞாயிற்றைக் குறிக்கும் பெருஞ் சேகண்டியும் அதனை முழக்குபவரும் ஒருங்கே கூரை நோக்கி உயர்த்தப்படுவர், ஒளி பெருகும், சூரியன் மீண்டுவிட்டான். காட்சியின் ஆற்றலை மறுப்பது வீண்பிடிவாதமாகும். ஆயிரக்கணக்கானோரை ஓரிரவு மௌனமாக இருக்கச் செய்வது எளிய கலையன்று.

இது ஜாஸ் அன்று, ஓநாயின் ஊளையோடு ஒத்திசைக்கப்பட்ட இனிப்புப் பண்டம் என்று முகஞ்சுளிக்கும் தூய்மைவாதிகளும் உளர். அவர்களோடு இங்கு வழக்கில்லை. நியூ ஓர்லியன்சின் தெருவில் அணிவகுப்பு வாத்தியமும் தேவாலயப் பாட்டும் தோட்டக் கூலிகளின் பாட்டும் கலந்து பிறந்த ஓர் இசைக்குத் தூய்மை கற்பிப்பது நகைப்பிற்குரியது. கலப்பு குற்றமன்று. கலந்தபின் எது காணாமற் போனது என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காண வின்ரரின் தொடக்ககாலத்தையே நோக்க வேண்டும். அவர் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது அமைத்த அறுவர் குழு 1961இல் கல்லூரிகளுக்கிடையிலான ஜாஸ் போட்டியொன்றில் வெற்றி பெற்றது. 1962இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தினால் இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெள்ளை மாளிகையிலும் வாசித்தது. கெடுபிடிப் போர்க் காலத்தில் ஜாஸ் அமெரிக்க அரசின் தூதுவனாக ஆக்கப்பட்டிருந்ததை அனைவரும் அறிவர். எனினும் அத்தூதுப் பணிக்கும் ஒரு மறுபக்கம் இருந்தது. 1957இல் லிற்றில் றொக் நகரின் பாடசாலை வாயிலிற் கறுப்பின மாணவர் தடுக்கப்பட்டபோது, அரசு அனுப்பவிருந்த சோவியத் பயணத்திற்குச் செல்ல லூயி ஆம்ஸ்ற்றோங் மறுத்தார். அதே நிகழ்ச்சி குறித்து ஆர்க்கன்சோ மாநில ஆளுநர் ஃபோபஸின் பெயரைச் சொல்லியே எள்ளி நகையாடும் இசையை சார்ள்ஸ் மிங்கஸ் ஆக்கினார். 1959இல் பெரிய நிறுவனமொன்று அதனைச் சொற்களின்றி வெளியிட்டது. 1960இல் சிறிய நிறுவனமொன்றின் வழியாகவே சொற்களோடு அது வெளிவந்தது. ஜாஸின் வலிமை அதன் தாளத்திலும் கற்பனையிலும் மட்டுமன்றி, குற்றவாளியைப் பெயர்சொல்லி அழைக்கும் துணிவிலும் இருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

வின்ரரிடமும் இத்துணிவின் ஒரு சாயல் ஒருகாலத்தில் இருந்தது. 1968இல் உயிரியலாளர் றொஜர் பெய்ன் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாடலை அவருக்குக் கேட்கச் செய்தார். பேர்மியூடாக் கடலில் அமெரிக்கக் கடற்படைக்குப் பணியாற்றிய பொறியியலாளர் பிராங் வற்லிங்ரன் நீரடி ஒலிவாங்கிகளாற் பதிவுசெய்த ஒலிகளே பெய்னை அவ்வாய்வுக்கு இட்டுச் சென்றவை. போருக்கென அமைந்த கருவி பாட்டைப் பிடித்துத் தந்தது என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று. 1970இல் திமிங்கிலப் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. 1979இல் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை அவற்றின் ஒலித்தகடொன்றைத் தன் இதழோடு இணைத்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளை வாசகருக்கு அனுப்பியது. வின்ரரும் 1978இல் திமிங்கிலம், கழுகு, ஓநாய் ஆகியவற்றின் குரல்களைத் தம் இசையோடு இணைத்து வெளியிட்டார். 1982இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு வாணிப வேட்டையை இடைநிறுத்த 25க்கு 7 என்னும் வாக்குகளால் தீர்மானித்தது. இசைத்தட்டே திமிங்கிலத்தைக் காத்தது என்பது மிகைக்கூற்று. கொன்று தீர்த்தமையால் வேட்டையின் இலாபம் வற்றிப்போனமையும் இயக்கங்களின் ஓயாத போராட்டமும் அத்தீர்மானத்தின் காரணங்களாம். ஆயினும் அவ்விசைக்கு அதில் ஒரு பங்கிருந்தது. ஏன்? அது ஒரு விலங்கைப் பற்றியது; ஒரு கொலையைப் பற்றியது; நிறுத்து என்று கேட்கப்பட்டவர் யாவரென எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பின்னர் நிகழ்ந்ததோ ஒரு பொதுமைப்படுத்தல். 1981இல் அதே பேராலயத்தில் அரங்கேறிய பூமிப் பூசை இசையில் ஓநாயின் குரல் இரக்க வேண்டுதலின் இராகமாயிற்று. திமிங்கிலம் 'பூமி' ஆயிற்று. வேட்டைக் கப்பல் 'மனித குலம்' ஆயிற்று. மனித குலம் குற்றவாளியாகும்போது எவரும் குற்றவாளியல்லர். எண்ணெய் நிறுவனத்தின் பங்காளரும் அந்நிறுவனத்தின் கசிவால் வலையிழந்த மீனவரும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே பாவத்திற்காக வருந்தலாம். சேகண்டி உயர்ந்ததும் இருவரும் ஒருங்கே மன்னிக்கப்படுவர். இத்தகைய மன்னிப்பு யாருக்குத் தேவைப்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பேராலயம் அமைந்துள்ள இடத்தையும் நோக்குக. அது ஒரு குன்றின் மீது நிற்கிறது. கீழே ஒரு பூங்கா. பூங்காவிற்கு அப்பால் ஹார்லெம். 1968இல் அப்பூங்காவிற் கொலம்பியாப் பல்கலைக்கழகம் உடற்பயிற்சிக்கூடம் கட்ட முற்பட்டது. ஹார்லெம் மக்களுக்குக் கீழ்ப்புறத்தில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டிருந்தது. மாணவர் கட்டடங்களைக் கைப்பற்றினர், திட்டம் கைவிடப்பட்டது. மரமும் புல்லும் மண்ணும் கொண்ட ஒரு துண்டு இயற்கைக்காக, அதன் உரிமையாளர் யார் என்று கேட்டு நிகழ்ந்த போராட்டம் அது. வின்ரரை அழைத்த அதே பேராலயத் தலைவர் ஜேம்ஸ் மோர்ட்டன் கைவிடப்பட்ட வீடுகளை வறியோர் தாமே திருத்திக் குடியேறும் முயற்சிகளுக்குத் துணைநின்றவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே குறை அத்திருச்சபையின் மனச்சாட்சியில் இல்லை. குன்றின் கீழ் நிகழ்ந்தது கூரையின் கீழ் இசையாகவில்லை என்பதே குறை.

அடுத்து, இச்சுழற்சி எவருடைய சுழற்சி? டிசம்பர் 21இல் நியூயோர்க்கின் பகற்பொழுது ஒன்பதேகால் மணித்தியாலங்களே. அவ்வகலக்கோட்டில் வாழ்வோர்க்கு ஒளியின் மீட்சி உண்மையான ஏக்கம். புவிநடுக்கோட்டை அண்டி வாழும் கோடிக்கணக்கானோருக்கோ ஆண்டைப் பகுப்பது ஒளியன்று, மழை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையேயான வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைச் சற்றே கடக்கும். தைப்பொங்கல் உத்தராயணத் தொடக்கமாகக் கொள்ளப்படினும், வானியற்படி கதிர் திரும்புவது அதற்கு மூன்று கிழமைகளுக்கு மேல் முன்னதாகும். உழவனுக்கு அதுபற்றிக் கவலையில்லை, ஏனெனில் அவன் பொங்குவது வானத்தைக் கணித்தன்று, நெல்லைக் கண்டு. வடகுளிர் நாடுகளின் ஏக்கமொன்றை 'உலகின் சுழற்சி' எனப் பெயரிட்டு உலகமெல்லாம் அதற்குத் தாளம்போட வருவதாகக் காட்டுவது ஒருவகைப் பேரரசு மனப்பாங்கே.

'உலக இசை' என்னும் சொல்லே இம்மனப்பாங்கின் குழந்தை. 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் றொபேட் பிறவுண் அச்சொல்லைப் பயன்படுத்தியபோது அதன் பொருள் வேறு. அவர் ரி. ரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்றவர். ரங்கநாதனும் அவர் சகோதரர் ரி. விஸ்வநாதனும் அங்கு ஆசிரியராகவே வந்தமர்ந்தனர். ஓர் இசையை அறிய அவ்விசையின் ஆசானிடம் ஆண்டுக்கணக்கிற் பணிந்து கற்க வேண்டும் என்பது அங்கே நெறி. 1987இல் இலண்டன் மதுச்சாலையொன்றிற் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தினர் அதே சொல்லைத் தெரிந்தெடுத்ததோ, கடையில் எந்தத் தட்டில் அடுக்குவது என்று தெரியாத பண்டங்களுக்கு ஒரு பெயர்ச்சீட்டாக. ஆசான் விருந்தாளியானார். கதிர்த்திருப்பக் கச்சேரியில் ஒரு பாட்டுக்கு மேடையேறி இறங்கும் கலைஞரின் நிலையும் இவ்விருந்தாளியின் நிலையே. 1987இல் வின்ரரோடு இணைந்து இசைத்தட்டு வெளியிட்ட உருசிய நாட்டுத் திமித்ரி பொக்றொவ்ஸ்கியின் குழுவினர் கிராமம் கிராமமாகச் சென்று முதியோரிடம் பாடக் கற்றவர்கள். அக்கிராமங்களின் பருவப் பாடல்கள் விதைப்புக்கும் அறுப்புக்கும் உரியவை. வேலையிலிருந்து பிரிந்தால் அவை பாதிப் பாடல்களே.

இதற்கு மாறான வழியே இல்லையா எனின், உண்டு. பப்புவா நியூகினியின் பொசாவிக் காட்டில் வாழும் கலுலி மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு நிகழ்த்திய ஸ்ரீவன் ஃபெல்ட் 1991இல் ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டார். அதுவும் இயற்கையின் சுழற்சி பற்றியதே: காட்டின் ஒரு முழு நாள், விடியல் முதல் மறுவிடியல் வரை, ஒரு மணித்தியாலத்துள் அடக்கப்பட்டிருக்கிறது. பறவையும் அருவியும் அங்கே பின்னணி அல்ல. மரம் வெட்டும் ஆணும் சவ்வரிசி மாப்பிசையும் பெண்ணும் அவ்வொலிகளோடு இழைந்து பாடுகின்றனர். ஒரு குரலின் மேல் மற்றொரு குரல் எழுந்து படியும் அம்முறைக்கு அவர்கள் மொழியிலேயே பெயருண்டு. அப்பதிவின் வருவாய் அம்மக்களுக்கென அமைந்த நிதிக்குச் சென்றது. எண்ணெய் அகழ்வு அண்டைப் பிரதேசத்தை எட்டியிருந்த வேளையில் அது வெளிவந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. விமானத்தின் இரைச்சலையும் இயந்திர ஒலியையும் தாம் விலக்கிவிட்டதைக் கூடத் தம் எழுத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அவ்விலக்கலும் விவாதத்துக்குரியதே, ஆனால் விவாதிக்கத்தக்க ஒன்று அங்கே இருக்கிறது. ஓர் இடம், ஒரு மக்கள், ஒரு வேலை, ஓர் ஆபத்து.

கலையின் பணி மனத்தை நெகிழ்விப்பதே, எஞ்சியவை அரசியல்வாதியின் பணி என்போர் இங்கே குறுக்கிடுவர். நெகிழ்ந்த மனம் தானே செயலிறங்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. 1970களின் திமிங்கில இசை அந்நம்பிக்கைக்குச் சான்றாகாது. அங்கே நெகிழ்ச்சிக்கு ஒரு முகவரி இருந்தது. அம்முகவரியைப் பெறுவது இன்றும் கடினமன்று. கதிர் திரும்பும் அதே டிசம்பரில், வட அத்திலாந்திக்கின் 'ரைற்' திமிங்கிலங்கள் கன்று ஈனுவதற்காக வடக்கிலிருந்து ஜோர்ஜியா, புளோரிடாக் கரைகளை நோக்கி நியூயோர்க்குக்கு அப்பாலுள்ள கடலினூடே செல்கின்றன. வேட்டையாடுதற்கு 'ஏற்ற' திமிங்கிலம் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். இன்று எஞ்சியுள்ளவை 400க்கும் குறைவு. அவற்றைக் கொல்வது ஈட்டியன்று. கப்பலின் முகப்பும் மீன்பிடிக் கூடுகளின் கயிறும். நவம்பர் முதல் ஏப்ரல் முடிய அத்துறைமுக வாயிலில் 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்கள் மணிக்கு 10 கடல்மைலுக்கு மேற் செல்லலாகாது என 2008இல் விதிக்கப்பட்டது. அவ்விதியைச் சிறிய கலங்களுக்கும் விரிக்க 2022இல் முன்வைக்கப்பட்ட பிரேரணை 2025 ஜனவரியில் மீளப்பெறப்பட்டது. பேராலயத்திலிருந்து துறைமுகம் சில மைல் தொலைவே. சேகண்டி கூரையை எட்டுமுன், அப்பிரேரணையை எதிர்த்தவர் யாவர் என்று மேடையிலிருந்து கேட்பதற்கு ஏழு விநாடி எதிரொலி போதும்.