பெயரைக் கெடுப்பதற்கும் காசா?



முதலாம் ஆண்டு மாணவர் சேர்ப்பின்போதெல்லாம் எனக்கு ஓர் இக்கட்டு நேர்கின்றது. பிறப்புப் பத்திரத்தில் உள்ள உரோமன் எழுத்துகளைப் பார்த்துக் குழந்தையின் பெயரைத் தமிழில் எழுத வேண்டும். வீட்டில் 'யாழினி' என அழைக்கின்றனர். பத்திரத்திலோ இரண்டு 'எச்', மூன்று 'ஏ'! காரணம் கேட்டால், "எண் சரியாக வரணும்னு சோதிடர் கூட்டிக் கொடுத்தாரு, டீச்சர்" என்கிறார் தாய்.

ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன்மார் பலரின் பெயர்களைத் தோட்டத்துக் கிராணிமார் தம் காதில் விழுந்தபடி எழுதினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அது அறியாமையால் நேர்ந்த சிதைவு. இன்று கல்வி கற்ற நாமோ பணம் கொடுத்துச் சிதைக்கிறோம்!

எண்கணிதம் கூட்டிப் பார்ப்பது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை. தமிழுக்கு 247 எழுத்துகள். லகரத்திற்கும் ளகரத்திற்கும் அங்கே ஒரே எழுத்து, ஒரே எண். தமிழ்ப் பெயரின் ஒலியையே அறியாத கணக்கு, அப்பெயருக்கு உரியவரின் வாழ்வை எங்ஙனம் அறியும்?

இந்த மயக்கம் குழந்தைகளோடு நிற்பதில்லை. பெரியவர்களும் எண்ணுக்காகப் பெயரை மாற்றுகின்றனர். தமிழகத்தில் பெயர் மாற்றுவோர் அரசிதழில் அறிவிப்பு வெளியிடுகின்றனர். பழைய பெயரும் புதிய பெயரும் அதில் அச்சாகின்றன. நம் நாட்டிலோ சத்தியப் பிரமாணம் செய்து, தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை மாறினால் போதுமா? கடப்பிதழ், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். முன்பு பெற்ற சான்றிதழ்களில் பழைய பெயரே நிற்கும். "அவரும் நானும் ஒருவரே" என்று காலமெல்லாம் மெய்ப்பிக்க வேண்டும். ஓர் 'எச்'சுக்காக இத்தனை அலைச்சலா?

பெயர் மாற்றமே கூடாது என்பதன்று என் வாதம். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார். அவர்கள் பொருளறிந்து, தமிழ்ப்பற்றினால் மாற்றினர்; கூட்டுத்தொகை பார்த்து மாற்றவில்லை. எழுத்துப்பிழையால் கெட்ட பெயரைத் திருத்துவதும் கடமையே. 1957ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் பிழை திருத்தத்திற்கு வழியுண்டு. அதை உடனே செய்யுங்கள். பிள்ளை வளரட்டும் எனக் காத்திராதீர்கள்.

பெற்றோர்களே! தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிவுசெய்ய 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பெயரை முதலில் தமிழில் எழுதுங்கள். பொருள் தெரிந்துகொள்ளுங்கள். பின்னர், மலாய்க்கார ஆசிரியரும் சீனத் தாதியும் பிழையின்றி அழைக்கும் வண்ணம் உரோமன் எழுத்தில் எழுதுங்கள். முகப்பில் தரும் படிவத்தை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

ஆசிரியர்களே! பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் எழுதி, மேசையில் ஒட்டிவையுங்கள்.

தமிழ்ப்பள்ளிக்கு வரும் குழந்தை முதலில் எழுத விரும்புவது தன் பெயரைத்தான். அதை எப்படி எழுதுவது என்று பெற்றவர்களுக்கே தெரியாவிட்டால், அந்தக் குழந்தை யாரிடம் போய்க் கேட்கும்?

சிந்திப்போம், செயல்படுவோம்!