கீபோர்டுக்குள் நாதஸ்வரம்

கல்யாண வீட்டில் கீபோர்டில் வரும் நாதஸ்வரத்தைக் கேட்டுவிட்டு, "அசலுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்பவர்கள் இப்போது காரைக்காலில் அதிகமாகிவிட்டார்கள். வித்தியாசம் நிறைய இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது, அந்தச் சத்தத்தை எந்த முறையில் பிடித்து உள்ளே வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு மாதமாக வீட்டில் இரண்டு கீபோர்டுகளை வைத்துக்கொண்டு இதைத்தான் பரீட்சை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை?

இதற்கு எல்லாரும் சொல்லும் பெயர் சாம்ப்ளிங். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது எஷாந்தியோன், அதாவது மாதிரி. துணிக்கடையில் கத்தரித்துக் காட்டும் துண்டுக்கும் அதே சொல்தான். நெல் வாங்கும்போது மூட்டையில் குத்தூசி விட்டு எடுக்கிறார்களே, அதுவும் மாதிரிதான். மூட்டையின் வாயில் மட்டும் குத்தினால் ஒரு தரம் தெரியும். அடிவரை நாலு இடத்தில் குத்தினால் வேறு தரம் தெரியும்.

முதல் முறை ஒரே குத்து. 1980களின் நடுவில் காசியோ கம்பெனி எஸ்.கே.-1 என்று ஒரு சின்ன கீபோர்டு விட்டது. குழந்தை விரலுக்கேற்ற 32 கட்டைகள், உள்ளேயே ஒரு மைக். எதைக் காட்டினாலும் 1.4 வினாடி பிடித்துக்கொள்ளும். சுவிட்சை அணைத்தால் மறந்துவிடும். அதற்கு முன் இந்த வித்தை இதைவிட விலை கூடிய இயந்திரங்களில் இருந்தது. பிரான்சில் இருக்கும் உறவினர் ஒருவர் அந்நாளில் கொண்டுவந்த எஸ்.கே.-1 எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

தெருவிலுள்ள நாதஸ்வர வித்துவானைக் கூப்பிட்டு அதில் ஒரு சட்ஜம் ஊதச் சொன்னேன். ஊதிய கட்டையில் சுமாராக இருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனால் நீளம் பாதியாகி எலி கத்துகிறது. கீழே வந்தால் சங்கு ஊதுகிறது. ஒரே பதிவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டித்தான் மற்ற சுரங்களை உண்டாக்குகிறார்கள். தவிர, இது வினாடிக்கு 9,380 தடவைதான் ஒலியை அளக்கிறது. சி.டி.யில் 44,100 தடவை. அளக்கும் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகள் பதிவாகாது என்பது விதி. சீவாளியின் காரத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது.

இரண்டாம் முறையில் சில கட்டைகளுக்கு ஒன்றாகத் தனித்தனியே பதிவு செய்கிறார்கள். இப்போதைய கீபோர்டுகளில் இதுதான் வழக்கம். பியானோவுக்கு இது பிரமாதம். ஏனென்றால் பியானோவின் சுரங்கள் ஒவ்வொன்றும் தனி வீட்டில் குடியிருப்பவை. நாதஸ்வரத்தில் ஏழு விரல் துளைகள்தான். பாக்கியெல்லாம் விரலை அரைகுறையாக மூடுவதிலும், உதட்டிலும், மூச்சிலும் பிறக்கிறது. தோடியின் காந்தாரத்தைப் பதிவு செய்யலாமென்று சொன்னதும் வித்துவான் சிரித்தார். "காந்தாரம் ஒரு இடத்துல நிக்கிற சாமானாங்க, ஐயா?" என்றார். இருந்தாலும் அசைவோடு ஊதிக் கொடுத்தார். அடுத்த மேல் கட்டையை அழுத்தினால் அந்த அசைவும் சேர்ந்து விரைகிறது. கீழ்க்கட்டையில் சோம்பல் முறிக்கிறது. சுரத்தை நகர்த்தினால் கமகத்தின் வேகமும் கெட்டுவிடுகிறது.

பாரீஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் உரிமம் வாங்கிய ஆர்மோனியத்தை, 1940 முதல் சுமார் முப்பது ஆண்டு அகில இந்திய வானொலி உள்ளே விடவில்லை. கமகம் பேசாது என்பது காரணங்களில் ஒன்று. கட்டை வைத்த வாத்தியத்தோடு நமக்குள்ள வழக்கு பழையது.

மூன்றாவது முறையில் ஒரு பிடியை முழுசாகப் பதிந்து ஒரு கட்டையில் கட்டிவிடுகிறார்கள். கமகம், துத்துகாரம் எல்லாம் அப்படியே வரும். கெட்டிமேளத்துக்கு இது போதும் என்றே சொல்வேன். மல்லாரிக்குப் போதாது. தவில்காரர் ஒரு தீர்மானம் வைத்தால் நாதஸ்வரக்காரர் அதற்குக் காத்திருப்பார், சில சமயம் சீண்டுவார். பதிந்த பிடி யாருக்கும் காத்திருக்காது. அதிலே கேட்பது யாரோ ஒரு வித்துவானின் மூச்சு. அவர் பெயர் எந்தக் கீபோர்டின் மேலும் நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. ஒரு சுரத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, முனையோடு முனை ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுவது. நான் செய்து பார்த்ததில் குறை சொல்ல முடியாதபடி அமைந்தது இது ஒன்றுதான். ஒத்து அப்படியே கேட்டது. ராகம் வாசிக்கத் துளையில்லாத அந்தக் குழலில் வேண்டியது அசையாத ஒரே சுருதி, அறாத மூச்சு. இரண்டிலும் மனிதனை இயந்திரம் ஜெயித்துவிடும்.

எனக்குப் பயம் இங்கேதான். மின்சாரச் சுருதிப் பெட்டி வந்து ஒத்துக்காரரை எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சத்தத்தில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த ஒத்தை ஊதியது பெரும்பாலும் கற்றுக்கொள்ள வந்த பையன். குருவுக்குப் பின்னால் நின்று, ராத்திரி முழுக்கச் சுருதி பிடித்தபடி, அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், எந்தச் சங்கதியை எங்கே வைக்கிறார் என்று காதாலேயே படித்தான். வயிற்றுப்பாட்டுக்கும் ஏதோ கிடைத்தது. பெட்டிக்கு அந்தப் பாடம் தேவையில்லை. கீபோர்டு நாதஸ்வரத்தைச் சரியாக வாசிக்காததைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஒத்தைச் சரியாக வாசித்துவிட்டதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பதிகத்தைப் பண்ணில் பாடிய அம்மையார் பிறந்த ஊர் இது. இங்கே கோயில் திருவிழாக்களுக்கு மேளம் பேசுகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்: சுருதிப் பெட்டி இருக்கட்டும், ஆனால் ஒத்துக்கென்று ஒரு பையனுக்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள். கீபோர்டை அந்தப் பையனிடமே கொடுங்கள். குருவின் பிடியை அதில் பதிந்துகொண்டு, ராத்திரி வீட்டில் பத்துத் தடவை போட்டுக் கேட்டுச் சாதகம் பண்ணட்டும். அந்த வேலைக்கு எங்கள் வீட்டு எஸ்.கே.-1 உதவாது. 1.4 வினாடிக்குள் தோடியில் ஒரு பிடி அடங்காது. என் பேரனின் புதுக் கீபோர்டைத் தரலாமா என்று கேட்டிருக்கிறேன். பரீட்சை முடியட்டும் தாத்தா என்கிறான்.